வட்டிக்கு லீவு கிடையாது

தமிழ் சினிமாவில் எத்தனையோ பஞ்ச் டயலாக் வந்து போயிருக்கிறது. ஆனால், வருஷா வருஷம் தவறாமல் ரிலீஸாகும் டயலாக் ஒன்றுதான். 'தவிர்க்க முடியாத காரணங்களால் படம் இன்று வெளியாகவில்லை. ரசிகர்கள் பொறுத்தருளவும்.' ஹீரோ மாறுவார், டைரக்டர் மாறுவார், பேனர் மாறும். இந்த வசனம் மட்டும் கமா, புள்ளி மாறாமல் வரும்.

நீங்களும் நானும் அதைப் படித்துவிட்டு, 'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தத் தவிர்க்க முடியாத காரணம் என்ன என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? புயலா? பூகம்பமா? ஹீரோவுக்கு டைபாய்டா?

கிடையாது சார். தொண்ணூறு சதவிகிதம் ஒரே காரணம்தான். வட்டி!

துருவ நட்சத்திரம் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் கதையைச் சொல்லவில்லை, படம் பட்ட கதையைச் சொல்கிறேன். ரகசிய ஏஜென்ட், துப்பாக்கி, வெளிநாட்டுத் துரத்தல் என்று ஸ்டைலான ஆக்‌ஷன் படம். 2013-ல் சூர்யாவை வைத்து கௌதம் வாசுதேவ் மேனன் எடுப்பதாக இருந்தது. முழுக் கதை கைக்கு வரவில்லை என்று சூர்யா அந்த வருடமே அறிக்கை விட்டு விலகினார். 2017 ஜனவரியில் விக்ரமை வைத்து மறுபடி தொடங்கினார்கள். டீஸர் வந்தது. கோட்டும் கண்ணாடியுமாக விக்ரம் நடந்து வந்ததைப் பார்த்து ஊரே விசிலடித்தது. ஹாரிஸ் ஜெயராஜ் இசை, சிம்ரன், ராதிகா, பார்த்திபன், ஐஸ்வர்யா ராஜேஷ், ரிது வர்மா என்று கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமான பட்டியல்.

அப்புறம்? நின்றது. நகர்ந்தது. மறுபடி நின்றது. டைரக்டரே தயாரிப்பாளர் என்பதால், மற்றவர்கள் படங்களில் நடித்துச் சம்பாதித்த பணத்தை இந்தப் படத்தில் போட்டதாக அவரே பேட்டிகளில் வெளிப்படையாகச் சொன்னார். கடைசியில் 2023 நவம்பர் 24 என்று தேதி குறித்தார்கள். டிரெய்லர் வந்தது, போஸ்டர் ஒட்டியாயிற்று. அன்று காலை, 'திரைக்கு வர இன்னும் ஓரிரு நாள் தேவைப்படுகிறது, மன்னிக்கவும்' என்று டைரக்டரிடமிருந்து செய்தி வந்தது.

அந்த ஓரிரு நாள் 2023-ல் முடியவில்லை. 2024-லும் முடியவில்லை.

இங்கேதான் நீங்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். முதல் நாள் சென்னை உயர் நீதிமன்றம் போட்ட நிபந்தனை என்ன? 2 கோடியே 40 லட்ச ரூபாயை மறுநாள் காலை பத்தரை மணிக்குள் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் படத்தை வெளியிடாதே. சரி, அந்தப் பணம் எதற்காக வாங்கியது? துருவ நட்சத்திரத்துக்காகவா? இல்லை! சிம்புவை வைத்து எடுப்பதாக 2018-ல் ஒப்பந்தமான வேறொரு படத்துக்கான பணம். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

நல்லாப் பாருங்க. எடுக்காத படத்தின் பாக்கி, எடுத்து முடித்த படத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. விக்ரம் நடித்தது, ஹாரிஸ் ட்யூன் போட்டது, எத்தனையோ தொழிலாளர்கள் வெயிலிலும் குளிரிலும் லைட் தூக்கியது எல்லாம், அவர்கள் யாரும் சம்பந்தப்படாத ஒரு பேரத்துக்கு அடமானம்.

பி.காம். முதல் வருஷத்தில், அட்டென்டன்ஸுக்காக மட்டும் வந்து உட்கார்ந்திருக்கும் கடைசி பெஞ்சுக்குக்கூட மண்டையில் ஏறிவிடும் பாடம் ஒன்று உண்டு. வியாபாரம் வேறு, வியாபாரி வேறு. கடைப் பெட்டியில் கைவிட்டு வீட்டுக்கு வெங்காயம் வாங்கினால்கூடக் கணக்கு எழுத வேண்டும். தெருமுனை மளிகைக் கடைக்காரருக்குத் தெரிந்த இந்தப் பாடம், பல கோடிகள் புரளும் கோடம்பாக்கத்துக்குத் தெரியாதா? தெரியும். வசதி இல்லை என்பதால் மறந்துவிட்டார்கள். 'அ' படத்துக்கு வாங்கிய பணத்தில் 'ஆ' படத்துக்கு ஷூட்டிங். 'ஆ' படத்தின் சேட்டிலைட் உரிமையில் 'இ' படத்தின் ஹீரோவுக்கு அட்வான்ஸ். இதற்கு அங்கே கௌரவமான பெயர் ரொட்டேஷன். சீட்டுக் கம்பெனி இதையே செய்தால் போலீஸ் வரும். சினிமாக் கம்பெனி செய்தால் பூஜை போட்டு பூசணிக்காய் உடைக்கிறார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீர்கள், பேப்பர் பேனா வேண்டாம். ஒரு தயாரிப்பாளர் 10 கோடி கடன் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மூணு வட்டி. அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். கேட்பதற்கு என்னவோ காபிக்காசு மாதிரி இருக்கிறதா? 10 கோடிக்கு மாதம் 30 லட்சம். ஒரு நாளைக்கு ஒரு லட்சம்! ஹீரோ ஜலதோஷம் என்று வீட்டில் படுத்தால் ஒரு லட்சம். மழை வந்தால் ஒரு லட்சம். க்ளைமாக்ஸை மாற்றலாமா என்று டைரக்டர் மொட்டை மாடியில் நடைபோட்டு யோசித்தால் ஒரு லட்சம். தீபாவளி, பொங்கல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் விதிவிலக்கில்லை. வட்டிக்கு லீவு கிடையாது.

ஆறு வருஷம் படம் முடங்கினால், வட்டி மட்டும் 21 கோடியே 60 லட்சம். வட்டியைக் கட்டாமல் வருஷா வருஷம் அசலோடு சேர்த்து புது ப்ரோநோட் எழுதிக்கொண்டே போனால், அந்த 10 கோடி ஆறாவது வருஷ முடிவில் சுமார் 63 கோடியாக நிற்கும். படத்தில் ஒரு ஃப்ரேம்கூடக் கூடுதலாக எடுத்திருக்க மாட்டார்கள். அதே படம், அதே சண்டை, அதே பாட்டு. விலை மட்டும் ஆறு மடங்கு. இந்தப் படம் எத்தனை நாள் ஓடினால் லாபம் வரும் என்று கேட்காதீர்கள். எந்தப் படமும் வட்டியை விட வேகமாக ஓடியதில்லை.

'கலைஞன் சார் அவன். அவனைப் போய் கணக்குப்பிள்ளை மாதிரி கேள்வி கேட்கலாமா? நல்ல படம் என்றால் நாள் பிடிக்கத்தான் செய்யும்' என்று நீங்கள் சொல்லலாம். வாருங்கள், அதையும் பார்த்துவிடுவோம்.

எஸ்.எஸ்.வாசன் சந்திரலேகா எடுக்க ஐந்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். 1948-ல் வந்தது. அந்தக் காலத்திலேயே சுமார் 30 லட்சம் செலவு. கதை மாறியது, ஆட்கள் மாறினார்கள், டைரக்டர் பொறுப்பே மாறி வாசனே முதல்முறையாக டைரக்ட் செய்தார். தாமதம் என்றால் அப்படியொரு தாமதம். ஆனால் ஸ்டூடியோ அவருடையது, கேமரா அவருடையது, பத்திரிகை அவருடையது, அடமானம் வைத்த சொத்தும் அவருடையது. ஜெமினியில் வேலை பார்த்தவர்களுக்கு மாதச் சம்பளம். படம் நகர்ந்தாலும் நின்றாலும் ஒன்றாம் தேதி அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. சூதாடியவர் வாசன். பணயம் வைத்ததும் வாசனுடைய சொத்து. அப்படிப்பட்ட பிடிவாதத்துக்கு நானும் சல்யூட் அடிக்கிறேன்.

இன்னொரு பக்கம் சாண்டோ சின்னப்பா தேவர். பெரிய படிப்பு கிடையாது. எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படம் எடுத்தார். பூஜை போடும்போதே ரிலீஸ் தேதியையும் சொல்லிவிடுவார் என்பது அவரைப் பற்றி இன்றைக்கும் கோடம்பாக்கத்தில் சொல்லப்படும் விஷயம். நடிகர்களுக்குச் சம்பளத்தை முன்னாலேயே எண்ணிக் கொடுத்துவிடுவார். கொடுத்துவிட்ட தைரியத்தில் கால்ஷீட்டைக் கறாராகக் கேட்பார். தேவருக்கு முருகன் மேல் எவ்வளவு பக்தியோ, காலண்டர் மேலும் அவ்வளவு பக்தி.

வாசன் வழி, தேவர் வழி இரண்டுமே நேர்மையான வழிதான். இன்றைக்கு நடப்பது மூன்றாவது வழி. வாசனின் கனவு, தேவரின் அவசரம், மார்வாடியின் பணம்!

சரி, கடன் கொடுத்தவர் ஏன் சார் சரியாக ரிலீஸுக்கு முதல் நாள் ராத்திரி வந்து நிற்கிறார்? ஆறு மாதம் முன்னால் கேட்கக்கூடாதா என்று உங்களுக்குத் தோன்றும். நியாயமான கேள்வி. அவர் நிலையிலிருந்து யோசித்துப் பாருங்கள். ஓடாத சினிமாவுக்கு என்ன விலை? பெட்டிக்குள் கிடக்கும் படம் விற்க முடியாத சரக்கு. ரிலீஸுக்கு முதல் நாள்தான் விநியோகஸ்தர் பணம், தியேட்டர் அட்வான்ஸ், ஓ.டி.டி. தவணை எல்லாம் ஒரே இடத்தில் சேரும். அன்றைக்கு விட்டால் பிடிக்க முடியாது. மாப்பிள்ளை தாலி கட்டப் போகும் நேரத்தில் வந்து பழைய பாக்கியைக் கேட்டால்தான் பெண் வீட்டார் நகையைக் கழற்றுவார்கள். அந்த லாஜிக்தான்.

ஃபிலிம் காலத்தில் இதற்கு லேப் லெட்டர் என்று ஒரு காகிதம் இருந்தது. நெகட்டிவ் லேபில் இருக்கும். பைனான்சியர் தலையாட்டினால்தான் லேபில் பிரின்ட் போடுவார்கள். இப்போது எல்லாம் டிஜிட்டல் என்பதால், தியேட்டருக்குப் படம் முன்னாலேயே போய்விடும். அதைத் திறக்கிற கே.டி.எம். என்ற சாவிதான் கடைசி நிமிஷம் வரை போகாது. டெக்னாலஜி எங்கேயோ போய்விட்டது. பஞ்சாயத்து மட்டும் அதே ஏ.சி. ரூமில், அதே விடியற்காலை மூன்று மணிக்கு நடக்கிறது.

அதே விக்ரமின் வீர தீர சூரன் 2025 மார்ச் 27 அன்று காலையில் வர வேண்டியது. டிஜிட்டல் உரிமை சம்பந்தமான வழக்கு, டெல்லி உயர் நீதிமன்றத்தில் தடை. காலைக் காட்சி, மதியக் காட்சி எல்லாம் காலி. சமாதானம் பேசி முடித்து சாயங்காலம்தான் திரையில் வெளிச்சம் வந்தது. ஆபீஸுக்கு மட்டம் போட்டுவிட்டு, டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தியேட்டர் வாசலில் நின்றவனுக்கு அந்த வழக்கில் என்ன பங்கு? இருந்தும் அவன் ஒரு நாள் போச்சு. நஷ்ட ஈடு கேட்டால் சிரிப்பார்கள்.

ரசிகனுக்குப் போனது ஒரு நாள். தொலையட்டும். இதைவிடப் பெரிதாகத் தோற்றவர்கள் இருக்கிறார்கள்.

ஜி.வெங்கடேஸ்வரன் என்ற ஜி.வி.யை நினைவிருக்கிறதா? மௌன ராகம், தளபதி படங்களின் தயாரிப்பாளர். தொழில்முறை ஆடிட்டர். சினிமாக் கம்பெனியைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோய், இதையும் ஒழுங்கான வியாபாரமாகச் செய்யலாம் என்று முயன்ற மனிதர். கணக்கு தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2003 மே மாதம், கடன் நெருக்கடியில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதே 2003-ல் தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. பதினான்கு வருஷம் கழித்து, 2017 நவம்பரில், நடிகர் சசிகுமாரின் பட நிறுவனத்தைக் கவனித்துக்கொண்டிருந்த அவருடைய உறவினர் அசோக்குமார், கடன் நெருக்கடியைப் பற்றிக் கடிதம் எழுதிவைத்துவிட்டு அதே முடிவுக்குப் போனார். இடையில் இருந்தது சட்டம். புத்தகத்தில் இருந்தது.

அடுத்து, பெயரே வெளியே வராதவர்கள். இந்தியன் 2 படப்பிடிப்பில் 2020 பிப்ரவரி 19 இரவு, சென்னையை அடுத்த ஈ.வி.பி. வளாகத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர், இரண்டு பணியாளர்கள். அதற்குப் பிறகு கொரோனா, தயாரிப்பு நிறுவனத்துக்கும் டைரக்டர் ஷங்கருக்கும் கோர்ட்டில் வழக்கு, 2022-ல் மறுபடி ஷூட்டிங், 2024 ஜூலை 12-ல் ரிலீஸ். படம் வந்தபோது 'தாமதம் ஏன்?' என்று எல்லாப் பத்திரிகையும் பட்டியல் போட்டன. அந்தப் பட்டியலில் மூன்று உயிர் ஒரே ஒரு வரி. தேதி தள்ளிப்போனதற்கு ஒரு காரணம். அவ்வளவுதான்.

ஒரு சாதாரணக் கம்பெனி திவாலாகிறது என்று வையுங்கள். 2016-ல் வந்த திவால் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? சொத்தை விற்ற பணத்தில், நடைமுறைச் செலவு போக, தொழிலாளியின் 24 மாதச் சம்பள பாக்கியும், அடமானம் வாங்கிய வங்கியின் பாக்கியும் ஒரே வரிசையில் நிற்கும். லேத் பட்டறைத் தொழிலாளிக்கும் பேங்க் மேனேஜருக்கும் ஒரே க்யூ! முடங்கிப்போன படத்தின் முதல் நாள் ராத்திரிப் பஞ்சாயத்தில் லைட்மேனுக்கு, மேக்கப் உதவியாளருக்கு, ஸ்டன்ட் நடிகருக்கு நாற்காலி போட்டு யாராவது பார்த்திருக்கிறீர்களா? அங்கே நாற்காலி பைனான்சியருக்கு. பெஞ்ச் விநியோகஸ்தருக்கு. மற்றவர்கள் வாசலில்.

'சும்மா பயமுறுத்தாதீங்க சார். மதகஜராஜா என்னாச்சு? பன்னிரண்டு வருஷம் கழிச்சு வந்தும் பிச்சுக்கிட்டு ஓடலையா?' என்று ஒரு குரல் கேட்கிறது. கேட்கட்டும். சுந்தர்.சி இயக்கி விஷால் நடித்த அந்தப் படம் 2013 பொங்கலுக்கு வர வேண்டியது. 2025 ஜனவரி 12-ல் வந்தது. ஜனம் வயிறு குலுங்கச் சிரித்தது, வசூலும் பிரமாதம். சந்தோஷம்தான். ஆனால், தியேட்டரே அதிர்ந்து சிரித்த காட்சியில் இருந்தவர் மனோபாலா. அவர் 2023 மே மாதமே போய்விட்டார். அந்தக் கைதட்டல் அவர் காதில் விழவில்லை. ஒரு நகைச்சுவை நடிகனுக்குக் கிடைக்க வேண்டிய சம்பளத்தில் பாதி அந்தச் சிரிப்புச் சத்தம்தான். அதையும் முடக்கிவைத்துவிட்டு, 'கடைசியில் ஹிட் ஆச்சே' என்றால் என்ன நியாயம்?

தவிர, லாட்டரியில் ஒருத்தருக்குப் பரிசு விழுந்தது என்பதால் லாட்டரி நல்ல முதலீடு ஆகிவிடாது. சீனு ராமசாமியின் இடம் பொருள் ஏவல், கார்த்திக் நரேனின் நரகாசூரன் என்று பெட்டிக்குள் வருஷக்கணக்கில் தூங்கிய படங்களின் வரிசை பெரிது. முதல் படத்தை நம்பி வேறு வாய்ப்பை விட்ட ஹீரோயின், 'படம் வரட்டும், பெண் தருகிறோம்' என்று சொல்லப்பட்ட அசிஸ்டென்ட் கேமராமேன், இவர்களுடைய வருஷங்களை எந்த பாக்ஸ் ஆபீஸ் திருப்பித் தரும்?

அடுத்த சமாதானம், 'பேங்க் கடன் கொடுத்தால் நாங்கள் ஏன் மூணு வட்டிக்குப் போகிறோம்?' 1998-லேயே மத்திய அரசு சினிமாவைத் தொழிலாக அங்கீகரிப்பதாக அறிவித்துவிட்டது. கால் நூற்றாண்டு தாண்டியாகிவிட்டது. பேங்க்காரர் கேட்பது என்ன? முழு ஸ்கிரிப்ட், பட்ஜெட், ஒப்பந்தங்கள், ஒழுங்கான கணக்கு. அதைக் கொடுத்தால் ஹீரோவின் சம்பளத்தில் எவ்வளவு வெள்ளை என்பது வெளியே வந்துவிடும். பைனான்சியர் எதையும் கேட்பதில்லை. கையெழுத்துப் போட்ட வெற்றுப் பேப்பர் மட்டும் போதும் அவருக்கு. கேள்வி கேட்காமல் கொடுக்கும் பணத்துக்கு விலை அதிகம். அந்த விலைக்குத்தான் வட்டி என்று பெயர்.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. நான் கண்டுபிடித்தது எதுவும் இல்லை, உலகம் செய்வதுதான். ஒவ்வொரு படத்துக்கும் தனி பேங்க் அக்கவுன்ட், அந்தப் பணம் அடுத்த படத்துக்குத் தாண்டக்கூடாது. எந்தப் படத்தின் மேல் யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதை நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல விநியோகஸ்தர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள ஒரு பதிவேடு. தொழிலாளர் சம்பளத்துக்கு முதல் உரிமை. நான்காவதாக, படம் முடிவதற்கான உத்தரவாதம். லண்டனில் 1950-ல் தொடங்கிய ஃபிலிம் ஃபைனான்ஸஸ் என்ற நிறுவனத்தின் வேலையே இதுதான். ஸ்கிரிப்ட்டையும் ஷெட்யூலையும் பட்ஜெட்டையும் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்துவிட்டு, 'இந்தப் படம் முடியும், முடியாவிட்டால் நாங்கள் பொறுப்பு' என்று கையெழுத்துப் போடுவார்கள். முதல் ஜேம்ஸ்பாண்ட் படமான டாக்டர் நோவுக்கே அவர்கள்தான் உத்தரவாதம். பாண்டுக்கே பாண்டு! நம் ஊர் ஏஜென்ட்டுகளுக்கு ஆகாதா?

தயாரிப்பாளர் சங்கம் நினைத்தால் முதல் மூன்றையும் ஒரே பொதுக்குழுவில் தீர்மானமாகப் போடலாம். போடுவார்களா? பதிவேடு வந்தால் பாதிப் பேருடைய வேஷம் கலைந்துவிடுமே!

'இதில் எனக்கென்ன சார், டிக்கெட் வாங்கிப் படம் பார்க்கிறவன்தானே நான்?' என்கிறீர்களா? மூணு வட்டியை யார் கட்டுகிறார்கள் என்று நினைக்கிறீர்கள்? முதல் நாள் ஸ்பெஷல் காட்சிக்கு எக்ஸ்ட்ரா கொடுத்தவர் யார்? பாப்கார்ன் விலையைப் பார்த்து மௌனமாகப் பர்ஸைத் திறந்தவர் யார்? படத்தின் செலவில் பாதி திரையில் தெரியாமல் எங்கே போனது என்று புரியாமல், 'இத்தனை கோடி போட்டு இதுதானா?' என்று புலம்பியவர் யார்? அந்தக் கோடி கேமராவுக்குப் போகவில்லை சார், வட்டிக்கடைக்குப் போனது.

துருவ நட்சத்திரம் எப்போது திரைக்கு வந்தாலும், அல்லது வராமலே போனாலும், நான் எழுப்பும் கேள்வி மாறாது. அடுத்த முறை ஒரு பிரம்மாண்ட படத்துக்குப் பூஜை நடக்கும். டிராகன் மாதிரி வளைந்த எழுத்தில் டைட்டில் வரும். நீங்களும் ஃபர்ஸ்ட் லுக்கைப் பார்த்துச் சிலிர்ப்பீர்கள். சிலிர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே ஒரு கேள்வியையும் கேட்டு வையுங்கள். 'படம் எப்போ ரிலீஸ்' என்பது எல்லோரும் கேட்கிற கேள்வி.

'பணம் யாருது?' என்று கேளுங்கள்.